அவருக்கு மேலே ஓர் இடம்

எங்கள் சபையில் பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நடுவில் வருகிற சனிக்கிழமைக்கு ஆராதனை கிடையாது. அது வெள்ளையடிக்கிற நாள். மறுநாள் விடிவதற்கு முன் சபையார் எல்லோரும் மெழுகுவத்தி ஏந்திக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். உயிர்த்தெழுதலின் முதல் ஜெபம் அங்கேதான் நடக்கும். அதற்குள் அவரவர் வீட்டுக் கல்லறையைக் கழுவி, புல்லைப் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து வைத்துவிட வேண்டும். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற வழியில், கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையை ஒட்டி இருக்கிறது அந்தத் தோட்டம். பேருக்குத்தான் தோட்டம், இரண்டு வேப்பமரமும் ஒரு புங்கமரமும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. வடக்கே அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்று திரும்பினால், அடித்த வெள்ளை காய்வதற்குள் மெல்லிய சாம்பல் வந்து படிந்துவிடும். ஒவ்வொரு வருஷமும் அதைத் திட்டிக்கொண்டே இரண்டாம் பூச்சு அடிப்பேன்.

ஆள் வைத்து அடித்துக்கொள்ள எனக்குப் பிடிக்காது. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது சட்டைக்குக் கஞ்சி போடுவதைக்கூட வேறொருவர் கையில் கொடுத்ததில்லை. கல்லறையை மட்டும் கொடுத்துவிடுவேனா?

அவர் கொரோனாவுக்கு முந்தின வருஷம் போய்விட்டார். தெற்கே இருந்து வந்து திருவொற்றியூரில் அரிசிக்கடை போட்டவர். அதிகம் பேசமாட்டார், இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பேசினேன். கடலோர மணல் என்பதால் இங்கே குழியைச் சும்மா தோண்டினால் பக்கங்கள் சரிந்துவிடும். உள்ளே செங்கல் கட்டுவார்கள். அவருக்குக் குழி வெட்டியபோது ஆழமாகக் கட்டச் சொன்னேன். கீழே அவர் பெட்டி, அதன் மேல் கடப்பைக் கல், அதற்கும் மேலே இன்னொரு பெட்டிக்கு இடம். அந்த இடம் எனக்கு. தலைக்கல்லில் பாதியையும் காலியாக விடச் சொல்லிவிட்டேன். கீழ் பெர்த் அண்ணாச்சிக்கு, மேல் பெர்த் உங்களுக்கா என்று பெண்கள் ஐக்கியத்தில் கேலி பண்ணுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் பிள்ளைகள் இருவரும் வெளியூரில் இருக்க, அந்த வீட்டில் தனியாகச் சோறு வடிக்கும்போது எனக்குத் தெம்பு தந்தது அந்த இடம்தான். கொஞ்ச நாள்தான், பிறகு அவரிடம் போய்விடலாம் என்று சொல்லிக்கொள்வேன்.

அவரிடம் போய் என்ன ஆகப்போகிறேன் என்று மட்டும் கேட்கக் கூடாது. அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். சுவிசேஷத்தில் ஓர் இடத்தில், ஏழு சகோதரரை ஒருவர் பின் ஒருவராக மணந்த பெண், உயிர்த்தெழும்போது யாருக்கு மனைவி என்று ஆண்டவரிடம் வந்து கேட்கிறார்கள். அங்கே பெண் கொள்வதும் இல்லை, பெண் கொடுப்பதும் இல்லை என்று அவர் சொல்லிவிடுகிறார். வேதத்தில் எனக்குப் பிடிக்காத பகுதி ஒன்று உண்டென்றால் அதுதான். என் வீட்டுக்காரர் போன புதிதில் பழைய போதகரிடம் சண்டைக்கே போனேன். அப்படியானால் அங்கே அவர் எனக்கு யார் என்று கேட்டேன். போதகர், எல்லாரும் தேவதூதரைப் போல் இருப்போம் என்றார். எனக்குத் தேவதூதர் வேண்டாம், என் வீட்டுக்காரர்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு அந்தப் பகுதி வாசிக்கப்படும்போதெல்லாம் கைப்பையில் எதையாவது தேடுவேன்.

நான் சொல்ல வந்தது இரண்டு வருஷத்துக்கு முந்தின சனிக்கிழமையைப் பற்றி. முந்தின நாள், பெரிய வெள்ளி மாலையில், எங்கள் சபையின் கடைசி பெஞ்சில் உட்காரும் மீன்காரப் பெண் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். ரொம்ப நாளாகவே மூச்சுத் திணறல்.

முகத்துவாரக்குப்பத்துக்காரி அவள். என்னைவிடச் சின்னவள். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவாள். என் வாசலில் அரிவாள்மனையைப் போட்டு ஆய்ந்து கொடுத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவாள். அவள் புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நெடுநாள் அவள் மீன் விற்க வரவில்லை. திரும்பி வந்த அன்று, சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டே கேட்டாள்: "யக்கா, உங்க சாமி செத்தவங்கள எழுப்பும்ன்றீங்களே, ஒடம்பே கெடைக்காதவன் எப்டிக்கா எந்திரிப்பான்?"

நான் பெரிய விசுவாசி மாதிரி உடனே பதில் சொன்னேன். கடைசி நாளில் கடலும் தன்னிடம் உள்ள செத்தவர்களைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்று வேதத்தில் வருகிறது என்றேன். அவள் கையிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டாள். எங்கே அப்படி எழுதியிருக்கிறது, காட்டு என்றாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான் உள்ளே போய் எடுத்து வந்து வாசித்துக் காட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு தானாகவே கேட்டு ஞானஸ்நானமும் பெற்றாள். அவளுடைய ஒரே மகள் அவள் வழியில் வரவில்லை. அம்மாவைத் தடுக்கவும் இல்லை.

எரிப்பதும் வேண்டாம், குப்பத்து இடுகாடும் வேண்டாம் என்று பல தடவை அவள் சொல்லியிருக்கிறாள். குப்பத்து இடுகாட்டைக் கடல் அரித்துக்கொண்டே வந்தது. எலும்பு வெளியே தெரிகிற அளவுக்கு ஆகிவிட்டது. ஒரு நாள் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள்: "கடலுக்கு எங்க வூட்ல ஒரு ஆளு குட்த்தாச்சு யக்கா. என்னிய மண்ணுல போடச் சொல்லு. அவரு எந்திரிச்சு வந்து தேடுனா நா ஒரு எடமா கெடக்கணும்ல?"

அவளுக்கும் தேவதூதர் வேண்டியிருக்கவில்லை. அதனால்தானோ என்னவோ எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில் நான் வாளியும் மட்டையுமாகக் கல்லறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். அவளை வீட்டில் ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். மகளும், புதிதாக வந்திருந்த இளம் போதகரும், கல்லறைக் கமிட்டிச் செயலாளரும் தோட்டத்துக்குள் நடந்துகொண்டிருந்தார்கள். இடம் தேடுகிறார்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. எங்கள் தோட்டம் நிறைந்து பல வருஷம் ஆயிற்று. புதுக்குழி வெட்டுவதில்லை, குடும்பக் கல்லறை வைத்திருப்பவர்கள் மட்டும் அதைத் திறந்து தங்கள் வீட்டாரை வைத்துக்கொள்ளலாம். வேறு நிலம் வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு சபைக்கூட்டத்திலும் பேசி, டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுவோம். சுவருக்கு அந்தப் பக்கம் கண்டெய்னர் யார்டு. இந்தப் பக்கம் சாலை.

செயலாளர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஒவ்வொரு வரிசையாக அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். இங்கே தோண்டினால் அந்தக் கல்லறை சரியும், அங்கே தோண்டினால் தண்ணீர்க் குழாய். போதகர் மெதுவாக மின்மயானத்தைப் பற்றி எடுத்துச் சொன்னார். சாம்பலிலிருந்தும் கர்த்தரால் எழுப்ப முடியும் என்றார். சரியான உபதேசம்தான், நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். மகள் அழவில்லை. நடக்கிற பாதையைக் காட்டி, ஓரமாகக்கூட இல்லையா சார் என்று மட்டும் கேட்டாள்.

நான் காதில் விழாதவள் போல மட்டையைச் சுண்ணாம்பில் முக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் கேட்டது. எனக்குக் கீழே என்ன இருக்கிறது, எவ்வளவு இடம் இருக்கிறது என்பதும் தெரியும். இந்த வயதில் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளுமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

முந்தின நாள்தான் பெரிய வெள்ளி ஆராதனையில், பாறையில் வெட்டிய தன் புதுக் கல்லறையை ஆண்டவருக்குக் கொடுத்த அந்தப் பணக்காரரைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்திருந்தேன். சின்ன வயதிலிருந்து கேட்கிற செய்தி. எவ்வளவு பெரிய மனசு என்று ஒவ்வொரு வருஷமும் உச்சுக்கொட்டுவேன். அன்றைக்கு எனக்கு அந்த மனிதர் மேல் எரிச்சல்தான் வந்தது. அவர் கொடுத்தது மூன்று நாள் இரவல். ஞாயிற்றுக்கிழமை காலையில் இடம் திரும்பக் கிடைத்துவிட்டது, துணியை மடித்துக்கூட வைத்துவிட்டுப் போயிருக்கிறார் ஆண்டவர். இவள் திருப்பித் தருவாளா? இவள் உள்ளே போனால் என் காலத்துக்கு அந்தக் குழியைத் திறக்க முடியாது.

ஆனால் வெள்ளிக்கிழமை மாலையில் அந்தப் பணக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும் என்று தெரியாதே. அவர் கொடுத்தபோது ஒரேயடியாகத்தான் கொடுத்தார். இது எனக்கு அறுபது வருஷமாகத் தோன்றவில்லை, மட்டையும் கையுமாக நின்றபோது தோன்றியது. இன்னொன்றும் தோன்றியது. கடல் திருப்பித் தரும் என்று அவளுக்கு வாசித்துக் காட்டியது நான். அதை நம்பித்தான் அவள் மண் கேட்டாள்.

வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய், என் இடத்தில் வைத்துவிடுங்கள் என்று போதகரிடம் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவசரப்படாதீர்கள், ஜெபம் பண்ணிவிட்டு முடிவெடுக்கலாம் என்றார். ஜெபம் பண்ணினால் மனசு மாறிவிடும், இப்போதே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து என் கொழுந்தனார் வந்து சேர்ந்தார். அவரும் கடைக்காரர், தன் மாமனார் வீட்டுக் கல்லறைக்கு வெள்ளையடிக்க ஆளோடு வந்தவர். செயலாளர் அவரைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். குடும்பத்தில் மூத்த ஆண்பிள்ளை என்ற முறையில் அவர் சம்மதமும் வேண்டுமாம். வேகமாக என்னிடம் வந்தார். நல்ல மனிதர், அவர் அண்ணன் மேல் உயிர். ஏழைக்கு உதவ வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு உறுத்தியது வேறு.

"என்ன மைனி, விளையாடுதியளா? அண்ணன் மேல கொண்டுபோய் வேற ஒரு பொம்பளைய வைக்கதா? நாளைக்குச் சபை முழுக்க இங்க வந்து நிக்கும். என்ன பேசுவாங்க?"

இதை நான் யோசிக்கவே இல்லை. ஒரே குழியில் இருவரை வைத்தால் அவர்கள் புருஷன் மனைவியாகவோ தாய் பிள்ளையாகவோ இருப்பதுதான் எங்கள் வழக்கம். ஊர் உறவு இல்லாத ஓர் ஆணும் பெண்ணும் ஒரே குழியில் என்றால் பேசத்தான் செய்வார்கள். செயலாளர் தரையைப் பார்த்தார். மகள் கொஞ்ச தூரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் அம்மாவைப் பற்றி இப்படி ஒரு பேச்சு நடப்பதைக் கேட்டு அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அங்க எழும்பும்போது யாருக்கும் யாரும் புருசனும் இல்ல, பொஞ்சாதியும் இல்ல, தம்பி. ஆண்டவரே சொல்லிட்டாரு. ஒங்க அண்ணன் இனிமே எனக்கும் புருசன் இல்ல. அவருக்கு என்ன கெட்ட பேரு வந்துரப் போவுது?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. இத்தனை வருஷமாக நான் காது கொடுக்க மறுத்த வார்த்தை. சண்டையில் கைக்கு அகப்பட்டதை எடுத்து வீசுவதுபோல் அதை எடுத்து வீசியிருந்தேன். பக்கத்துக் கல்லறையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். அவர் போன அன்றுகூட நான் விதவை என்று எனக்கு அப்படித் தோன்றவில்லை, அன்றைக்குத் தோன்றியது.

கொழுந்தனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தன்னோடு வந்த ஆளைக் கூப்பிட்டு, கடப்பாரை எடுத்து வரச் சொன்னார்.

அன்று பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. குப்பத்திலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். எங்கள் சபையில் இருந்து குறைவுதான், எல்லோருக்கும் ஈஸ்டர் பலகார வேலை. பெட்டியை இறக்கும்போது ஒரு பக்கக் கயிற்றைக் கொழுந்தனார் பிடித்திருந்தார். கடப்பைக் கல்லில் பெட்டி உட்கார்ந்த சத்தம் கேட்டது. மகள் ஒரு பிடி மண் போட்டாள். எல்லோரும் போட்டார்கள். நானும் போட்டேன்.

வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். அவளுக்காக அழுதேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். என் இடம் போய்விட்டதே என்றுதான் அழுதேன். மகனுக்குப் போன் பண்ணிச் சொன்னபோது, உங்கள் இஷ்டம்மா என்றான்; என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆதிச் சபையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ஒருவரும் எதையும் தன்னுடையது என்று சொல்லவில்லை, நிலத்தை விற்று அப்போஸ்தலரின் பாதத்தில் கொண்டுவந்து வைத்தார்கள், ஏழை விசுவாசிகளைத் தங்கள் நிலத்திலேயே அடக்கம் பண்ணினார்கள், கல்லறையைத் தூங்குகிற இடம் என்று சொன்னார்கள். இதையெல்லாம் கேட்கும்போது கொடுத்தவர்களின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்ததாகவே நினைத்துக்கொள்வோம். நிலத்தை விற்றுக் கொண்டுவந்து வைத்தவர் வீட்டுக்குத் திரும்பிப் போய் மறுநாள் என்ன செய்தார் என்று யாரும் பிரசங்கிப்பதில்லை. பயந்திருப்பார் என்று நினைக்கிறேன். வயதான காலத்தில் யார் சோறு போடுவார்கள் என்று மனைவி கேட்டிருப்பாள். எல்லாம் பொதுவாக இருந்தது என்றால், எல்லோரும் மற்றவரை நம்பித்தான் இருந்தார்கள் என்று அர்த்தம். எனக்குக் கொடுப்பது பழக்கம். அரிசிக்கடைக்காரி, மூட்டையாகவே கொடுத்திருக்கிறேன். எனக்கென்று ஒன்றும் இல்லாமல், நாளைக்கு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி நிற்கப் பழக்கமில்லை. உயிர்த்தெழுதலை நம்புவது அதைவிடச் சுலபம் என்றுகூட அன்று தோன்றியது.

விடிவதற்கு முன் மெழுகுவத்தியோடு மற்றவர்களுடன் தோட்டத்துக்குப் போனேன். நான் அடித்த வெள்ளை முழுவதும் மண்ணாகியிருந்தது. பெயர்த்த கற்கள் ஓரமாகக் கிடந்தன, ஈரமணல் மேடு தட்டியிருந்தது. மேட்டுக்குப் பக்கத்தில் அவள் மகள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை. காசிமேட்டுக்குப் போகிற வழியில் இறங்கினேன் என்றாள்; மீன் ஏலம் எடுக்கப் போக வேண்டும், கூடை வெளியே இருக்கிறது. கையில் கொஞ்சம் சாமந்தி வைத்திருந்தாள். அம்மாவுக்குப் பாதி போட்டாள். மீதியை எங்கே போடுவது என்று தெரியாமல், கீழே இருக்கிற அவருக்கும் இது சேருமா பெரிம்மா என்று கேட்டாள். சேரும் என்றேன்.

சபையார் கூடி நின்றார்கள். சிலர் என் பக்கம் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். ஒரு அக்கா வந்து என் கையை அழுத்திவிட்டுப் போனார்கள். சாலையில் லாரிகள் போகிற சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றார் போதகர்.

"மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று எல்லோரும் சொன்னார்கள். சின்னப் பிள்ளையிலிருந்து நான் சத்தமாகச் சொல்லி வந்த பதில். அன்றைக்கு உதட்டை மட்டும் அசைத்தேன்.

அந்தப் பெண் என் முழங்கையைத் தொட்டாள். இது வழக்கமாகச் சொல்கிற பதில் என்று அவளுக்குத் தெரியாது. இத்தனை பேர் சேர்ந்து ஒரு செய்தி சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறாள். படகு கரைக்கு வந்துவிட்டதா என்று விசாரிக்கிறவள் போல என் காதருகே வந்து கேட்டாள்.

"மெய்யாலுமா பெரிம்மா?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் அதைத் தனியாகக் கேட்டதில்லை. எங்கள் காலடியில் அவள் அம்மா இருந்தாள், அவளுக்குக் கீழே என் வீட்டுக்காரர் இருந்தார், அவள் அப்பா எங்கேயோ கடலில் இருந்தார். எனக்கு எங்கேயும் இடம் இல்லை. இது பொய்யாக இருந்தால் எனக்கு இனி ஒன்றுமே மிச்சமில்லை என்று நன்றாகத் தெரிந்தது.

"ஆமாம்மா" என்றேன்.